அடுக்கு பாப் வெட்டிக்கொண்ட பிறகு

இடுப்பைத் தொட்ட பின்னலை வெட்டிவிட்டு, கழுத்துக்கு மேலேயே நின்றுவிடும் அடுக்கு பாபுடன் தைப்பூசக் காவடிக்குப் போனபோது, பெரியம்மா என் தலையைத் தடவி, "என்ன வேண்டுதல், மகளே?" என்று கேட்டார். மொட்டை போட்டு வளர்ந்த முடி என்று நினைத்துவிட்டார் போலும்.

வேண்டுதல் ஒன்றும் இல்லை. என் முடியின் இழை மெல்லியது. அது நீளமாக இருந்தவரை தன் பாரத்தாலேயே வேரருகில் படிந்து கிடந்தது. மொரீஷியஸில் உள்ள எங்கள் ஊரான க்யூர்பீப்பின் ஓயாத தூறலும் ஈரக்காற்றும் இழையிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்திவிடுவதால், காலையில் டிரையர் வைத்து நிமிர்த்திய முடி நான் பேருந்து ஏறுவதற்குள் மண்டையோடு ஒட்டிக்கொள்ளும். நீளத்தைக் குறைத்தால் பாரம் குறையும். பிடரியில் குட்டையாகத் தொடங்கி மேலே போகப் போக நீளும்படி வெட்டினால், கீழே உள்ள குட்டை முடி மேலே உள்ளதைத் தாங்கிப் பிடிக்கும். பாபில் அடர்த்தி தெரிவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

ஆனால் அடுக்கு கூடினால் அடர்த்தியும் கூடும் என்ற எண்ணத்தை நான் ஏற்கமாட்டேன். முதல் முறை ஒரு சலூனில், இங்கே எல்லோரும் பிரெஞ்சில் சொல்வதுபோல, "கரே தெக்ராதே" (அடுக்கு பாப்) என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் உச்சியிலிருந்தே அடுக்கடுக்காக வெட்டி, போதாததற்குப் பல் வைத்த கத்தரியையும் ஓட்டியதில், கீழ்விளிம்பு வாழைநார் போலப் பிரிந்து, அதன் ஊடே கழுத்து தெரிந்தது. தடித்த, நெருக்கமான முடிக்கு அந்தக் கத்தரி உதவலாம். மெல்லிய முடியில் அது இருப்பதையும் பறித்துவிடும். இரண்டாவது முறை, விளிம்பு நேர்கோடாகக் கனத்து இருக்கட்டும், அடுக்கு பிடரியிலும் உச்சியிலும் மட்டும் இரண்டொன்று போதும் என்று விளக்கமாகச் சொன்னேன். இப்போதுள்ள வடிவம் அப்படி வந்ததுதான்.

வெட்டுவதால் ஒரு முடிகூடப் புதிதாக முளைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. டெங்கு, சிக்குன்குனியா போன்ற காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டினாலும் அது பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும். ஆனால் வகிடு அகன்றுகொண்டே போகிறது என்றால், சலூனுக்கு முன்பாகத் தோல் மருத்துவரிடம் போவதே முறை. இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல்வார்.

குட்டை முடியால் வேலை மிச்சம் என்பதும் பாதி உண்மைதான். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், பின்னலில் ஆறு மாதம் தெரியாத வளர்ச்சி பாபில் ஆறு வாரத்தில் பிடரியில் தெரிந்துவிடுகிறது. தலை காய்வதற்கு முன்பெல்லாம் அரைநாள் ஆகும். இப்போது காப்பி ஆறுவதற்குள் காய்ந்துவிடுகிறது.

பெரியம்மாவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. மல்லிகைச் சரத்தை எங்கே வைப்பாய் என்று கேட்கிறார். காதோரத்தில் இரண்டு ஊசி குத்தி முழம் பூவை மடித்து வைத்துக் காட்டினேன். அரைமணி நேரம் நின்றது.