புது சர்க்யூட்டில் அந்த ஐந்து மீட்டர்

ஃபார்முலா 1 பந்தயத்தில், பழகாத சர்க்யூட்டில் ஒரு டிரைவர் பதினான்காவதாக வந்தால் போதும், ஞாயிறு ராத்திரியே தீர்ப்பு வந்துவிடுகிறது: "தெரிஞ்ச ட்ராக்ல மட்டும்தான் இவரு ராஜா." வெள்ளிக்கிழமை பிராக்டிஸின் டைமிங் ஷீட்டைப் புரட்டிப் பார்த்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் வாய் திறக்க மாட்டார்கள்.

எந்த வளைவுக்குப் பின் எது வரும் என்பதைக் கற்பது பெரிய வேலையே இல்லை. சிமுலேட்டரில் உட்கார்ந்தால் வந்துவிடும். வராதது, எங்கே பிரேக் மிதிப்பது என்பதில் கடைசி ஐந்து மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 கி.மீ. வேகத்தில் வரும் கார், 80 கி.மீ. வளைவுக்காக பிரேக் பிடிக்கிறது. ஐந்து மீட்டர் முன்னாலேயே மிதித்தால், 0.06 விநாடியில் தாண்டியிருக்க வேண்டிய தூரத்தை வளைவின் வேகத்தில் கடக்க வேண்டும், அதற்கு 0.225 விநாடி. நஷ்டம் 0.165. இப்படிப்பட்ட பெரிய பிரேக்கிங் மூன்று இருந்தால் அரை விநாடி காலி. பந்தயத்தில் யார் எந்த இடத்தில் கிளம்புவது என்பதைத் தீர்மானிக்கும் குவாலிஃபையிங் நெருக்கமாக இருந்தால், அரை விநாடி என்பது முதல் கட்டத்திலேயே மூட்டை கட்டுவதுதான்.

சரி, தாமதமாக மிதித்துப் பார்க்கலாமே? பார்க்கலாம். அதிகமானால் முன் டயர் சுழலாமல் லாக் ஆகி, ஒரே இடம் தேய்ந்து தட்டையாகும் (ஃப்ளாட் ஸ்பாட்), அதிர்வில் அந்த செட்டையே ஓட்ட முடியாமல் போகும். ஃபார்முலா 1இல் வழக்கமான வார இறுதிக்கு உலர் டயர் 13 செட்தான். ஓரத்தில் மண் இருக்கும் ட்ராக்கில் தவறினால் திரும்பி வரலாம். சுவர் இருக்கும் ட்ராக்கில் வர முடியாது. 2021இல் ஜெட்டா முதன்முறையாக நடந்தபோது, எல்லோரையும்விட வேகமாக வந்துகொண்டிருந்த வெர்ஸ்டாப்பன் கடைசி வளைவில் லாக் ஆகி, வெளியே வரும்போது சுவரில் இடித்தார். கையிலிருந்த போல், அதாவது முதலாவதாகக் கிளம்பும் இடம், போனது, மூன்றாம் இடம்தான் மிஞ்சியது. அவருக்கே அப்படி.

ஆனால் வார இறுதி நாசமாவதற்கு, என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய காரணம் செட்டப்பைத் துரத்துவது, அதாவது விங், உயரம் என்று காரை மாற்றி மாற்றிப் பார்ப்பது. புது ட்ராக்கில் முதல் பிராக்டிஸில் தூசிதான், ரப்பர் படிந்திருக்காது. கார் திரும்ப மறுக்கும், அண்டர்ஸ்டியர். டிரைவர் புகார் சொல்வார், இன்ஜினியர் முன் விங்கின் கோணத்தைக் கூட்டுவார். அடுத்த ரன்னில் நேரம் குறையும், எல்லோருக்கும் சந்தோஷம். உண்மையில் நேரம் குறைந்ததில் பெரும்பங்கு ட்ராக்கினுடையது. கார் ஓட ஓட ரப்பர் ஏறி கிரிப் கூடிவிட்டது. சனிக்கிழமை அதே விங்கோடு போனால் முன்பக்கம் கடிக்கும், பின்பக்கம் வழுக்கும். பின்பக்கத்தை நம்ப முடியாத டிரைவர் பிரேக்கை இன்னும் முன்னாலேயே மிதிப்பார். மறுபடி அந்த ஐந்து மீட்டர்! முதல் ஒரு மணி நேரம் காரில் கை வைக்காமல் சுற்று எண்ணிக்கையைச் சேர்ப்பதுதான் உருப்படியான வழி. பொறுமை யாருக்கு இருக்கிறது என்பது வேறு விஷயம்.

அந்த ஒரு மணி நேரமும் கிடைத்தால்தான். 2023 லாஸ் வேகஸில் முதல் பிராக்டிஸ் எட்டு நிமிடத்தில் முடிந்தது. சாலையில் பெயர்ந்த ஒரு வால்வு மூடி சைன்ஸின் ஃபெராரி அடிப்பாகத்தைப் பிளந்துவிட்டது. பேட்டரி மாற்றியதற்குப் பத்து இட அபராதம் வேறு. குவாலிஃபையிங்கில் இரண்டாவதாக வந்தவர் 12இல் இருந்து கிளம்பி ஆறாவதாக முடித்தார். முடிவுப் பட்டியலில் அந்த ஆறு மட்டும்தான் தெரியும்.

ஸ்பிரிண்ட் வார இறுதி, அதாவது கூடுதலாக ஒரு குட்டிப் பந்தயமும் நடக்கும் வார இறுதி என்றால், பிராக்டிஸே ஒன்றுதான். தெரிந்த ட்ராக்கிலேயே அது போதாது. 2023 ஆஸ்டினில் காரின் உயரத்தைத் தப்பாகக் கணித்து, மேடுபள்ளத்தில் அடிப்பலகை அளவுக்கு மேல் தேய்ந்து, ஹாமில்டனும் லெக்லேரும் தகுதியிழந்தார்கள். அப்போதைய விதிப்படி வெள்ளிக்கிழமை குவாலிஃபையிங்குக்குப் பிறகு உயரத்தில் கை வைக்க முடியாது. புது ட்ராக்கில் என்ன கதி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தார் புதிதாகப் போட்டிருந்தால் சிமுலேட்டர் பாடமும் வீண். 2020 இஸ்தான்புல்லில் புதுத் தாரில் கிரிப்பே இல்லை, மழையும் சேர்ந்துகொண்டது. ஸ்ட்ரோல் போல் எடுத்தார், ஆறாவதாகக் கிளம்பிய ஹாமில்டன் ஜெயித்தார்.

அப்படியானால் டிரைவர் மேல் தப்பே கிடையாதா? உண்டு. அதைத் தீர்மானிக்க இறுதி இடத்தைப் பார்க்காதீர்கள், அதே டீமின் இன்னொரு காரோடு ஒப்பிடுங்கள். நேர்ச்சாலையில் நேரம் போகிறது என்றால் விங் அல்லது இன்ஜின் விவகாரம். சுற்றின் முதல் இரண்டு மூன்று வளைவுகளில் மட்டும் போகிறது என்றால் அவுட் லாப்பில், அதாவது நேரம் எடுக்கும் சுற்றுக்கு முந்தைய சுற்றில், டயரைச் சூடாக்கவில்லை. இது பெரும்பாலும் டிரைவர் கணக்கு, முன்னால் டிராஃபிக் இருந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக்கிங்கில் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது என்றால், வெள்ளிக்கிழமை இருவரும் ஓடிய சுற்றுகளை எண்ணுங்கள். இவருக்குப் பதினைந்து சுற்று குறைவு என்றால் விட்டுவிடலாம். எண்ணிக்கை சமமாக இருந்தும் ஞாயிறுவரை அதே இடத்தில் அதே ஐந்து மீட்டர் முன்னால் மிதிக்கிறார் என்றால், அப்போது தாராளமாகத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.