தாராசுரத்துக்கு 20 நிமிடம் போதுமாம்

அந்த அட்டவணையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கும்பகோணத்தை ஒரே நாளில் முடிப்பது எப்படி என்று சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதுதான். "தாராசுரம் – 20 நிமிடம். தேர்ச் சக்கரத்துக்கிட்ட போட்டோ எடுத்துட்டுக் கிளம்பலாம்." இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று அங்கே ஒரு கமெண்ட் போட்டேன். வந்த பதில்களைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு 20 நிமிடம் போதாது. செருப்பை விட்டு, நந்தியைத் தாண்டி, உள்ளே போய்க் கும்பிட்டு வரவே அது சரியாகிவிடும்.

சோழ மன்னன் இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். விமானம் 24 மீட்டர்தான். தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்த கண்ணோடு வந்து அண்ணாந்து பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். இங்கே குனிய வேண்டும். கருவறைச் சுவரின் அடியில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாக ஓடுகின்றன. பலவற்றுக்கு மேலே பெயரும் வெட்டியிருக்கிறது. இந்தக் கதைகளைச் சேக்கிழார் பெரியபுராணமாகப் பாடியது ராஜராஜனுடைய அப்பா இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். ஒரு தலைமுறைக்குள் அதைக் கல்லில் கொண்டுவந்துவிட்டார்கள். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் இருக்கிறதே, ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்து, பிறகு மறுபக்கத்தை மறைத்துப் பார்க்க வேண்டும். ஒரு குழந்தைக்கு அதைக் காட்டிப் புரியவைக்கவே ஐந்து நிமிடம் ஆகும். 20 நிமிடமாம்.

"எல்லாருக்கும் உங்களை மாதிரி லீவு கிடைக்குமா" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வருஷத்துக்கு ஒரு நாள் குடும்பத்தோடு வெளியே வருகிறவர்களை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு நாளில் ஒன்பது இடம் என்று அடைத்துக் கொடுப்பவர்களைத்தான் சொல்கிறேன். ஒன்பதை நான்காக்கினால் என்ன குறைந்துவிடும்?

"கோயிலுக்குப் போறது சாமி கும்பிட, சிலை பார்க்க இல்ல" என்று இன்னொருவர். நாயன்மாரைப் பார்க்காமல் அது என்ன சிவதரிசனம்? இதற்கு மேல் அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

2011இல் நானும் அம்மாவும் இப்படி ஒரு சுற்றுலா வேனில்தான் போனோம். அம்மாவுக்கு ஊர் நாகப்பட்டினம். பிடித்த மீனில் ஒன்றைத் தினமும் சிவனுக்கென்று கடலில் விட்டு, கடைசியில் பொன்மீன் சிக்கியபோது அதையும் விட்ட அதிபத்த நாயனார் அந்த ஊர்க்காரர். ஆவணியில் தங்கமீன் விடும் விழாவைக் கடற்கரையில் பார்த்து வளர்ந்தவள் அம்மா. அன்றைக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுவரோரம் குனிந்து, பழைய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்து, அதிபத்தரைத் தேடினாள். பாதிச் சுவர்கூட முடியவில்லை. வெளியே ஹாரன். வேன்காரர் வாசலில் நின்று கையைத் தட்டிக் கூப்பிட்டார். "வாடா, நம்மால மத்தவங்களுக்கு லேட் ஆகக் கூடாது" என்று அம்மாவே எழுந்துவிட்டாள்.

அடுத்ததாக எங்களைப் பட்டுக்கடைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒன்றேகால் மணி நேரம். யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

"நேரமில்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். நேரம் இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று வேறு யாரோ முடிவு செய்தார்கள். "ஒரு கல்லுக்கு இவ்வளவு பேச்சா" என்று கமெண்டில் சிரித்த தம்பிக்கும் இதேதான் பதில். அந்தச் சுவருக்கு முன்னால் எங்கம்மா குனிந்து நின்றதை நீ பார்த்ததில்லை.

இப்போது அம்மாவால் குனிய முடியாது. முழங்காலில் ஆபரேஷன் ஆகிவிட்டது. போன மாதம் நான் மட்டும் போய், ஒரு காலைப்பொழுது முழுக்க அந்த வரிசையை விடாமல் படமெடுத்து அனுப்பினேன். ராத்திரி போன் பண்ணினாள். "பெருசு பண்ணிப் பார்த்தேன்டா, எழுத்து சரியாத் தெரியல. அன்னைக்கே இன்னும் கொஞ்ச நேரம் நின்னு பார்த்திருக்கலாம்" என்றாள்.