காஸியை மூழ்கடித்தது இந்த ராஜ்புத் இல்லை

“2021-ல் ஓய்வுபெற்ற ஐஎன்எஸ் ராஜ்புத்தான் 1971 போரில் பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பலான காஸியை மூழ்கடித்தது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் ஒன்றுதான், கப்பல் வேறு. விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸியைத் தேடி ஆழ்வெடிகள் (நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகள்) வீசியது பழைய ராஜ்புத். இரண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் கப்பலான ரோதர்ஹாம், 1949-ல் நமக்கு வந்தது. 1976-லேயே உடைத்துவிட்டார்கள்.

அவர் சொல்வது சோவியத்தில் கட்டிய காஷின் வகை போர்க்கப்பல். 1980 மே 4-ல், ஜார்ஜியாவின் போட்டி (Poti) என்ற துறைமுகத்தில்தான் கடற்படையில் சேர்ந்தது. பிறக்காத கப்பல் எப்படிப் போருக்குப் போகும்? அதற்கும் சொந்தப் பெருமைகள் உண்டு: இலங்கையில் இந்திய அமைதிப்படையின் ஆபரேஷன் பவன் நடவடிக்கை, அப்புறம் பிரமோஸ் ஏவுகணைச் சோதனைகள்.

காஸி ஆழ்வெடியில்தான் மூழ்கியதா என்பதே சர்ச்சைதான். உள்ளே நடந்த வெடிப்பு என்றும் சொல்கிறார்கள்.