வீட்டைக் கட்டியவனுக்கு ஓர் அறை

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு பெண்ணுக்குரியது. கலியாணத்தோடு பெற்றோர் மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்கிறார். பெற்றோர் அதே வளவில் சிறிய வீடொன்றைப் போட்டுக்கொண்டு அடுத்த மகளுக்காக மறுபடியும் அத்திவாரம் வெட்டுகிறார்கள். தமிழர், முஸ்லிம்கள் இருசாராரிடமும் இந்த வழமை உண்டு. இதன் நன்மையை அனுபவித்து வாழ்பவள் நான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேலிக்கு அப்பால் அம்மாவும் சின்னம்மாவும் இருந்தார்கள். போர்க்காலத்தில் கணவரை இழந்த எத்தனையோ பெண்கள் பிள்ளைகளோடு தெருவுக்கு வராமல் தப்பியதும் வீடு தங்கள் பேரில் இருந்ததால்தான். ஆகவே இந்த வழமை இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால், அந்த வீட்டை எழுப்பிய சகோதரனின் மனத்துக்கு நம் குடும்பங்களில் இடமில்லாமற் போவதைப் பற்றி யாராவது வெளிப்படையாகப் பேச வேண்டும்.

தகப்பனின் வருமானத்தில் மட்டும் எழும்பும் சீதன வீடு இப்போது அரிது. களுவாஞ்சிகுடியிலும் திருக்கோவிலிலும் கொங்கிரீட் பிளேட் கூரை போட்டு மாபிள் பதித்து நிற்கும் வீடுகள் பலவற்றின் பின்னால் கட்டாரிலோ சவூதியிலோ குவைத்திலோ உழைத்த ஓர் அண்ணனோ தம்பியோ இருக்கிறான். மூத்த தங்கைக்குச் சுவர், இளையவளுக்குக் கூரை என்று அவனது இளமை பகுதி பகுதியாக ஊருக்கு வந்து சேர்கிறது. கலியாணப் பேச்சை எடுத்தால், "மறுகா பாப்பம்" என்கிறான். கடைசித் தங்கை குடியமர்ந்து முடிகிறபோது அவனுக்கு 40 வயது நெருங்கிவிடுகிறது. பின்னர் நொத்தாரிசின் மேசையில் வீட்டின் உறுதிப் பத்திரம் வாசிக்கப்படும்போது கொடுப்பவர் தாய், பெறுபவர் மகள். காசு அனுப்பியவனின் பெயர் ஒரு வரியிலும் வராது. அவன் அதைக் கேட்பதுமில்லை. கேட்க நினைப்பதே தங்கைக்குச் செய்யும் துரோகம் என்று அவனுக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கியிருக்கிறோம்.

அவன் கலியாணம் செய்தாலும் பாரம் முழுதாக இறங்கிவிடுவதில்லை. மனைவியின் வீட்டில் அவன் மருமகன். தாய் வீட்டில் வந்துபோகும் விருந்தாளி. இங்கே பெண்களாகிய நாம் ஒன்றை நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும். சொந்த அண்ணன் தனக்குக் கிணறு கட்டித் தந்ததை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படும் பெண்ணே, தன் கணவன் அவனுடைய தங்கையின் மதிலுக்குக் காசு கொடுத்ததை அறிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளுடைய கோபத்தில் நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளின் படிப்புச் செலவு அவள் கண்முன்னே நிற்கிறது. ஆயினும் அண்ணன் கொடுத்தால் பாசம், கணவன் கொடுத்தால் குற்றம் என்ற இந்த இரட்டை அளவுக்கு நடுவே நிற்பவன் ஒரே மனிதன்தான். அவன் இரண்டு வீட்டிலும் வாயைத் திறப்பதில்லை. கணக்கை மறைக்கிறான், மெல்ல மெல்ல இரண்டு பக்கத்துக்கும் அந்நியனாகிறான். அண்ணன் குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று குறைப்படும் தங்கைமார், அந்த மௌனம் எங்கே தொடங்கியது என்று விசாரிப்பதில்லை.

நம் முன்னோர் சகோதரனை இப்படி வெறும் காசு தருபவனாக வைத்திருக்கவில்லை. குடி என்னும் குலம் தாய்வழியாக வருவதால் ஓர் ஆணின் குடி அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்கும் உரியது. அவனுடைய சொந்தப் பிள்ளைகளோ மனைவியின் குடியைச் சேர்ந்தவர்கள். கோயில் திருவிழாக்களில் குடிக்குரிய பங்கும் முறையும் வரும் வேளையில் அவன் சகோதரியோடும் மருமக்களோடும் ஒரே பக்கத்தில் நிற்கிறான். மட்டக்களப்பின் பழைய வழமைச் சட்டமான முக்குவச் சட்டத்தில் முதுசொம் என்ற பரம்பரைச் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போயிற்று. திருமண உரிமையும் வாரிசுரிமையும் பற்றிய 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு அந்த முறை மறைந்து, கலியாணத்தின்போதே மகளுக்கு எழுதிக் கொடுப்பது நிலைபெற்றது. சொத்து கைமாறும் வழி மாறினாலும் தாய்மாமனின் சொல்லுக்கும் முகத்துக்கும் அன்றைய வீட்டில் மதிப்பு இருந்தது. இன்று காசை மட்டும் எடுத்துக்கொண்டு மதிப்பைக் கைவிட்டிருக்கிறோம். மாமா எந்த நாட்டில் என்ன வேலை செய்தார் என்று கேட்டால் பதில் தெரியாத மருமக்கள் அவர் கட்டிய வீட்டிலேயே வளர்கிறார்கள்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது நாவலடியிலும் கல்லாற்றிலும் மருதமுனையிலும் இப்படிக் கட்டப்பட்ட வீடுகள் அழிந்தன. மீண்டும் கட்டிக் கொடுத்தவர்கள் பல இடங்களில் குடும்பத் தலைவர் என்று கணவனின் பெயரையே பதிந்தார்கள். பெண்ணின் உரிமை அதில் பறிபோனது பற்றி நியாயமாகப் பேசப்பட்டது. அண்ணனின் உழைப்பு மண்ணோடு போய், அதன் நினைவும் பத்திரத்தில் இல்லாமற் போனதை யாரும் ஓர் இழப்பாகச் சேர்த்துக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கத்து வளவில் ஒருவர் இருக்கிறார். நீண்ட காலம் வளைகுடாவில் இருந்து, கலியாணம் செய்யாமலே ஊருக்குத் திரும்பியவர். தங்கையின் வீட்டு விறாந்தையில் படுக்கிறார். அவருடைய பெட்டி, விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டுக்கூடக் கிழிக்கப்படாமல், சாமான் அறையில் நெல் மூட்டைகளுக்கு மேலே கிடக்கிறது. போனுக்குச் சார்ஜ் போட உள்ளே வரும்போது வாசலில் நின்று, "தங்கச்சி, வரலாமா?" என்று கேட்கிறார். அந்தச் சுவரில் மின்கம்பி இழுக்கக் காசு அனுப்பியவர் அவர். தங்கை கெட்டவள் இல்லை. வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள், மருந்து வாங்கிக் கொடுக்கிறாள். ஆனால் மச்சான் இருக்கும் வீட்டில் தன் இடம் எது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

சகோதரிமாரிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. அண்ணன் தம்பி உங்களுக்குச் செய்ததைக் கணவன் முன்னும் பிள்ளைகள் முன்னும் அவர்கள் கேட்கும்படி சொல்லுங்கள். அவர் தொலைபேசியில் வந்தால் காசுப் பேச்சுக்கு முன்பு நித்திரை கொள்கிறாரா, யாரோடு கதைக்கிறார் என்று கேளுங்கள். கடைசித் தங்கை வரை காத்திருக்காமல் அவருக்கு நேரத்தோடு பெண் பாருங்கள். கணவனின் சகோதரிக்குப் போகும் காசைப் பற்றிக் கணவனோடு வெளிப்படையாக இருந்து பேசி ஓர் அளவை இருவரும் தீர்மானித்தால் மறைப்பதற்கே அவசியம் இராது. பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சீதன உறுதி எழுதும்போது உங்களுக்குச் சீவிய உரித்தை, அதாவது உயிருள்ளவரை அங்கே இருக்கும் உரிமையை, வைத்துக்கொள்கிறீர்கள் அல்லவா? கலியாணம் ஆகாத மகனுக்கும், தனித்துப்போகக்கூடிய மகனுக்கும் அந்த வளவில் ஓர் அறையில் சீவிய உரித்து என்று இன்னொரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். வீடு மகளுடையதாகவே இருக்கும்; மகன் வாசலில் நின்று உத்தரவு கேட்க வேண்டியிராது.

அப்படி ஒரு வரி இருந்தால் நல்ல மாப்பிள்ளை கிடைக்கமாட்டான் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டிலேயே சொன்னார்கள். வரப்போகும் மாப்பிள்ளையும் யாரோ ஒரு தங்கைக்கு வீடு கட்டிவிட்டு வருகிறவன்தான், அவனுக்கு இது விளங்காமல் இராது என்று நான் பதில் சொன்னேன். ஆவணியில் என் கடைசித் தங்கைக்கு உறுதி எழுத இருக்கிறார்கள். அந்த வரியைச் சேர்க்கும்படி அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். தங்கை சம்மதித்துவிட்டாள்.