ரமணர் படத்துக்குக் கீழே இரண்டு பந்தி

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நடந்ததைப் பற்றித்தான். வந்தவர்கள் பார்த்தீர்கள், வராதவர்கள் வாட்சப்பில் கேட்டிருப்பீர்கள்.

மேடையில் ரமண மகரிஷி படம், ரோஜா மாலை. ஈப்போவிலிருந்து வந்தவர் ரமணரின் 'நான் யார்' உபதேசம் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். அப்புறம் சாப்பாடு. டத்தோ பட்டம் வாங்கியவர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் துணி விரித்த மேசை, வாழையிலை, பரிமாற ஆள். தோட்டத்துச் சனத்துக்குக் கொட்டகையில் வரிசை, பேப்பர் தட்டு. 31 வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மா, முட்டிவலி தாங்காமல் அந்த மேசையில் உட்கார்ந்துவிட்டார். எழுப்பிவிட்டார்கள். எழுப்பியவன் என்னிடம் டியூஷன் படித்த பையன்.

தனக்கென்று எதையாவது தனியாகக் கொண்டுவந்தால், எல்லோருக்கும் உண்டா என்று கேட்ட மனிதர் ரமணர். விடியுமுன் எழுந்து ஆசிரம அடுக்களையில் காய் நறுக்கியவர். அவர் படத்துக்குக் கீழேதான் இரண்டு பந்தி!

"நன்கொடை கொடுத்தவர்களுக்கு மரியாதை வேண்டாமா?" செய்யுங்களேன். பொன்னாடை போடுங்கள், மைக்கில் நாலு தடவை பேர் சொல்லுங்கள். சோற்றில் வேண்டாம். "ஆசிரமத்திலேயே பிராமணர்களுக்குத் தனியிடம் இருந்ததே" என்று ஒரு நண்பர் இன்பாக்சில் வந்தார். இருந்தது. எனக்கும் அது உறுத்தல்தான். அதற்காக என் அம்மாவை எழுப்பலாமா? "அத்வைதம் வேறு, பந்தி வேறு" என்றார் இன்னொருவர். அவருக்குப் பதில் கிடையாது. அவர் மேசையில் சாப்பிட்டவர்.

ரமணர் 1896இல், 16 வயதில், மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பியபோது அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கு இருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்தார். மீதி 2 ரூபாயைச் சீட்டோடு வைத்து, சம்பளம் இன்னும் கட்டவில்லை என்றும் எழுதிவிட்டுப் போனார். வீட்டை விட்டு ஓடுகிற பையனே கணக்கு வைத்துவிட்டுப் போகிறான். நம் கோயில் கணக்கைப் பலகையில் யாராவது பார்த்து எத்தனை வருடம் ஆகிறது? சரி, அது வேறு விஷயம். வேறு விஷயம்தானா என்றும் தெரியவில்லை.

அந்த மண்டபம் யார் காசு? மாதம் இரண்டு வெள்ளியை (ரிங்கிட்) சம்பளத்தில் பிடிக்கச் சொல்லிக் கட்டியவர்களில் அம்மாவும் ஒருத்தி. கல்வெட்டில் பேர் இருப்பதெல்லாம் வேறு ஆட்கள்.

பொறாமை என்று கமெண்ட் போடப் போகிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து, "விடுடா, பாயசம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அம்மா. எழுப்பிவிட்ட உடனே என் மோட்டாரில் ஏறி வந்துவிட்டவர். பாயசத்தை எங்கே குடித்தார்?