பலகை சொல்வது எந்த நாள் தண்ணீரை?

கடலில் இறங்கும் முன் தண்ணீரைப் பார்ப்போம். குப்பை இல்லை, நாற்றம் இல்லை என்றால் சரி, இறங்கிவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன், என் பெண்ணுக்கு இரண்டு நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்வரை. முந்தின இரவு நல்ல மழை. காலையில் வானம் வெளுத்திருந்தது, தண்ணீரும் பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. கடல்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கரையில் 'குளிக்க ஏற்றது' என்று பலகை வைத்திருந்தவர்கள், எந்த நாள் எடுத்த தண்ணீரைப் பார்த்து அதைச் சொன்னார்கள் என்று எழுதவில்லை.

அப்புறம் ஒருநாள், மாதிரி எடுக்க வந்தவரை நின்று வேடிக்கை பார்த்தேன். இடுப்பளவு தண்ணீருக்குப் போனார். காலில் கிளம்பிய மணல் அடங்கும்வரை காத்திருந்தார். கிருமி நீக்கிய பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து ஓர் அடி ஆழத்துக்கு இறக்கி, நீரோட்டம் வரும் பக்கமாக வாயைத் திருப்பி நிரப்பினார். குலுக்குவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைத்தார். அவ்வளவு பக்குவம்!

இத்தனைக்குப் பிறகும் முடிவு வர ஒரு நாள் ஆகிறது. கடல்நீரில் வழக்கமாகத் தேடுவது என்டரோகாக்கை என்ற பாக்டீரியாவை. மனிதர், விலங்குகளின் குடலில் இருப்பது. தண்ணீரில் அது கூடினால் கழிவு கலந்திருக்கிறது என்று பொருள். நூறு மில்லி லிட்டருக்குச் சராசரியாக 35-ஐத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்காவில் 2012-இல் வந்த பரிந்துரை. எண்ணுவதற்கு முதலில் அதை வளர்க்க வேண்டும். வழக்கமான முறையில் 24 மணி நேரம். அதற்குள் ஓதம் ஏறி இறங்கிவிடும், வெயில் பட்டுப் பாக்டீரியா பாதி செத்துவிடும். சுத்தமான கடலை மூடுவதும் அழுக்குக் கடலைத் திறந்து வைப்பதும் இப்படித்தான் நடக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 விதி, பொதுவாக ஒரு பருவத்துக்குக் குறைந்தது நான்கு மாதிரி கேட்கிறது. பல ஆண்டுக் கணக்கைச் சேர்த்து ஒரு கடற்கரைக்குத் தரம் போட அது உதவும். இந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு போகிறவருக்கு என்ன பயன்? மரபணுவை வைத்துச் சில மணி நேரத்தில் சொல்லும் முறையும் இருக்கிறது. செலவு அதிகம், செத்த பாக்டீரியாவையும் சேர்த்து எண்ணிவிடும்.

என்னைக் கேட்டால், முதலில் மழைமானியை நம்பலாம். பெருமழையில் தெருவில் கிடப்பதெல்லாம் வடிகால் வழியாகக் கடலுக்குத்தான் வருகிறது. சாக்கடையும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடும் ஊர்களில், குழாய் தாங்காமல் சுத்திகரிக்காத கழிவையே கடலில் திறந்துவிடுகிறார்கள். கலிபோர்னியாவில் மழைக்குப் பின் 72 மணி நேரம் இறங்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். லேப் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வீணாக மூடிவிட்டார்கள் என்று கரையில் கடை போட்டவர்கள் கோபப்படுவார்கள். நியாயமான கோபம்தான், என்றாலும் நான் மூடச் சொல்லும் பக்கம்தான்.

மழை பெய்தால் எங்கள் வீட்டில் இப்போது மூன்று நாள் குளியல் கிடையாது. மணல்வீடு கட்ட மட்டும் அனுமதி. ஈர மணலிலும் இந்தப் பாக்டீரியா தங்கும் என்பதால், கை கழுவாமல் பெண்ணுக்குத் தின்பண்டம் தருவதில்லை.