கிண்டிலில் ஈபப் திறக்கும், வழிதான் வேறு

கிண்டில் அமேசானின் மின்நூல் வாசிப்புக் கருவி; ஈபப் பரவலாகப் பயன்படும் மின்நூல் கோப்பு வகை. “கிண்டிலில் அமேசானில் வாங்கிய நூல் மட்டுமே திறக்கும், ஈபப் உதவாது” என்று சிலர் சொல்வது தவறு. யூஎஸ்பி வழியாக ஈபப் கோப்பை நேரே போட்டால் நூலகத்தில் தெரியாது. குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும். 2022 முதல் அமேசானின் ‘சென்ட் டு கிண்டில்’ (கிண்டிலுக்குக் கோப்பு அனுப்பும் சேவை) ஈபப்பை ஏற்று மாற்றித் தருகிறது. இணையப் பக்கம் வழியாக 200 எம்பி வரை ஏற்றலாம். மின்னஞ்சல் என்றால், அனுப்பும் முகவரியை முதலில் அமேசான் கணக்கின் அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும்) பூட்டுள்ள ஈபப் மட்டும் நடக்காது.

உண்மையான சிக்கல் ஸ்கேன் செய்த பிடிஎஃப். பழைய தமிழ் நூல்கள் பலவும் அப்படித்தானே கிடைக்கின்றன! 6 அங்குலத் திரையில் ஏ4 பக்கம் சுமார் 40 சதவீத அளவுக்குச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து 5 புள்ளி ஆகிவிடும். அது படம் என்பதால் எழுத்தளவை மாற்றவும் வழியில்லை. அதற்கு 10 அங்குல டேப்லெட் வாங்குங்கள்.